மூன்று இரவு ஊறல்

அடுத்தவளுடைய ஊறல் குழிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, ஒரு மரவள்ளிக் கிழங்கை வெளியே எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள் சோம்போ. விரல் உள்ளே இறங்கவில்லை. கிழங்கை மூக்கருகே கொண்டுபோகிறாள். மூன்று இரவு தண்ணீரில் கிடந்த கசப்பு மரவள்ளிக்குப் புளித்து அழுகின ஒரு வாடை உண்டு. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சோம்போவுக்கு அதுதான் வாசனை. இந்தக் கிழங்கில் அது இல்லை, வெறும் சேற்று நாற்றம்தான்.

"இது நேத்துப் போட்டது," என்கிறாள், கரையில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் குழிக்காரியின் பக்கம் திரும்பாமல்.

"முளையில மூணு நார் கட்டியிருக்கே, கண்ணு தெரியலையா அக்கா?"

"நார் கட்ட எவ்வளவு நேரமாகும்? கிழங்கு இளகறதுக்குத்தான் மூணு ராத்திரி வேணும்."

சம்பிங்கா ஓடைக்கரையில் ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு முளை அடித்து, ஓர் இரவு கழிந்தால் ஒரு நார் கட்ட வேண்டும் என்பது அவள் செய்த ஏற்பாடு. பெண்கள் அதை மறுக்கவில்லை. கிழங்கைப் போடுகிற அன்றைக்கே மூன்று நாரையும் கட்டிவிட்டுப் போகிறார்கள். தூரத்தில் அவள் தலை தெரிந்தால், "இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்கடி, குழியை மூடுங்க," என்று ஒருத்தி குரல் கொடுப்பாள். சிரிப்பு எழும். சோம்போவும் சில நாள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கையை விட்டுக் கிழங்கை எடுத்துவிடுவாள்.

அவள் நடக்கிற நடையைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று உரசும். குதிகால் தரையைத் தொடவே தொடாது. இரண்டு கோல்களையும் முன்னால் ஊன்றி, இடுப்பை ஒரு பக்கமாகத் தூக்கி எறிந்து, விறைத்த காலை இழுத்து வருவாள். அங்கோலா எல்லையோரத்துக் கஹெம்பா மேட்டு நிலத்து மணலில் அவள் போன தடம் தனியாகத் தெரியும்: இரண்டு பக்கமும் கோல் குத்திய குழிகள், நடுவில் கட்டைவிரல்கள் கீறிய இரண்டு கோடுகள். செருப்பு நுனியில்தான் தேயும், குதிப்பக்கம் வருஷக் கணக்கில் புதிதாகவே இருக்கும். பாதத்தைச் சரியாக ஊன்றாவிட்டால் கணுக்கால் தானாகத் துடிக்க ஆரம்பித்துவிடும். அப்போது நின்று, "போதும், சும்மா இரு," என்று காலைத் திட்டுவாள். காலை யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப்போல அதட்டுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

முப்பத்தைந்து வயது. ஆறு வருஷத்துக்கு முன்பு, அந்த ஊரில் அவளைப்போல் சுமை தூக்குகிறவள் கிடையாது. வயல் ஒன்றரை மணி நேர நடை. பச்சைக் கிழங்கு நிறைந்த கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மற்றவர்கள் இரண்டு முறை இறக்கிவைத்து இளைப்பாறுகிற வழியை அவள் ஒரே மூச்சில் கடந்துவிடுவாள். பக்கத்துக் குழிக்காரி முகுங்கா, அவளுடைய சிநேகிதி, ஒருநாள் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, இது காலா, மானோட காலைக் கடன் வாங்கி வந்தியா?" என்று கேட்டாள். பாராட்டாகச் சொன்ன அந்த ஒரு பேச்சு முகுங்காவை ஊரைவிட்டே துரத்தப்போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அது மழை ஓய்ந்த காலம். மழை ஓய்ந்தால் மணல் பாதையில் லாரி வரும். லாரிக்காரர்களுக்கு வெள்ளை வெளேரென்று காய்ந்த மரவள்ளி வற்றல் வேண்டும், அதுவும் நாளை மறுநாளே வேண்டும். மூன்று இரவு ஊறவைக்க யாருக்கும் பொறுமையில்லை. ஓர் இரவு ஊறினாலே தோல் கழன்றுவிடும், இரண்டு வெயிலில் வெளுத்துவிடும். முதலில் லாரிக்கு மட்டும் அப்படிச் செய்தார்கள். பிறகு வீட்டுக்கும் அதையே செய்தார்கள். வெளுத்துக் காய்ந்து மாவாகிவிட்டால் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். களி கொஞ்சம் கசந்தது. கசந்தால் என்ன, வயிறு நிறைந்தது. அந்த மாதங்களில் தொட்டுக்கொள்ள மரவள்ளிக் கீரையைத் தவிர வேறெதுவும் கிடையாது. மரத்தில் பிடித்து வறுத்துத் தின்கிற புழு மழை தொடங்கின பிறகுதான் கிடைக்கும், பயறு தீர்ந்துபோயிருக்கும், மீன் எப்போதாவது லாரியில் வந்தால்தான்.

ஒருநாள் காலை கூடையைத் தூக்கித் தலையில் வைத்து இரண்டடி எடுத்து வைத்தாள். தரை நழுவுவதுபோல இருந்தது. விழுந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், கால்கள் இரண்டும் காய்ச்சல் குளிரில் நடுங்குவதுபோல நடுங்கின. வலி இல்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. வலிக்காத கால் எப்படிச் செத்துப்போகும்?

இந்த நோய்க்கு அந்தப் பக்கத்தில் கொன்சோ என்று பெயர். கட்டிப்போட்ட கால் என்று பொருள். மான் ஓடமுடியாமல் விழுவதற்காக வேட்டைக்காரர்கள் முன்பு வைத்த மந்திரத்துக்கும் அதே பெயர்தான். பெயரே அப்படி இருக்கும்போது கட்டினவர் ஒருவர் இருந்துதானே ஆக வேண்டும். புருஷன் கமுவாங்காவின் அண்ணன் சகாலா அவள் பாய்க்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டார்.

"யாரு உன் காலைப் பார்த்துப் பேசினது? யோசிச்சுச் சொல்லு."

மூன்றாம் நாள் சோம்போ யோசித்துச் சொன்னாள். முகுங்கா ஒரு பானையும் ஒரு பாயும் எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது சோம்போவின் வாசலில் நின்றாள். உள்ளே படுத்திருந்த சோம்போ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு வருஷம் கழித்து பாதிரிமார் மிஷன் இருக்கிற பக்கத்து ஊர் மருந்தகத்துக்கு மயோகோ என்கிற நர்ஸ் வந்தார். கிக்விட் நகரத்துப் பக்கத்துக்காரர், மெலிந்த மனிதர், எதையும் இரண்டு முறை சொல்லுவார். கமுவாங்கா சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன சோம்போவைப் பெஞ்சில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையின் ஓரத்தால் ஒரு தட்டுத் தட்டினார். கால் எகிறி அவர் நாற்காலியை உதைத்தது. அவர் அடுத்த காலைத் தட்டவில்லை.

"காலு நல்லாத்தான் இருக்கும்மா. மூளையிலேர்ந்து காலுக்குச் சேதி கொண்டுபோற நரம்பு இருக்கு பாரு, அது செத்துப் போச்சு. அது செத்துப் போச்சு."

"யாரு கொன்னது?"

"கிழங்கு. ஊறாத கிழங்குல விஷம் இருக்கு. கொஞ்சமா உள்ள போனா உடம்பே முறிச்சிடும். முறிக்கறதுக்கு உடம்புக்குக் கந்தகச் சத்து வேணும். அது மீன்ல இருக்கு, பயறுல இருக்கு, கறியில இருக்கு, புழுவுல இருக்கு. நீங்க கீரையும் களியுமாத் தின்னா அது எங்கேர்ந்து வரும்? விஷம் நேரா நரம்புக்குப் போயிடுது."

"கந்தகம்னா? தீக்குச்சியில இருக்குமே, அதுவா?"

"அதேதான். ஆனா தீக்குச்சியைத் திங்கக்கூடாது. மீனைத் தின்னு."

மருந்து உண்டா என்று அவள் கேட்டாள். மயோகோ கமுவாங்காவின் பக்கம் திரும்பி, "ரெண்டு கோல் வெட்டிக் குடு. ரெண்டு கோல் வெட்டிக் குடு," என்றார்.

திரும்பி வரும் வழியில் சைக்கிளில் உட்கார்ந்தபடி அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கிழங்கைப் பிடுங்கினது அவள் கை. ஓர் இரவில் எடுத்தது அவள் கை. இடித்தது, சலித்தது, கிளறினது எல்லாம் அவள் கைதான். நடுவில் முகுங்கா எங்கே வந்தாள்? வீட்டுக்குப் போனதும் லாரிக்காரன் ஒருவனிடம் சேதி சொல்லி அனுப்பினாள். முகுங்கா எல்லை தாண்டி அங்கோலாவுக்குப் போய்விட்டாள் என்று இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அங்கே எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் சோம்போ ஓடைக்கரைக்குப் போய் அடுத்தவர் குழியில் கைவிட ஆரம்பித்தாள்.

யாரைப் பார்த்தாலும் முகமன் கூறுவதற்குப் பதில், "மூணு ராத்திரியா?" என்று கேட்பாள். சாவு வீட்டிலும் கேட்பாள். கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்தில், பெண் வீட்டுக் களியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு ராத்திரிதான்," என்று அறிவித்துச் சம்பந்தத்தையே கலைக்கப் பார்த்தாள். கோபம் வந்தால் அவள் நாக்குக் கொஞ்சம் குழறும். அதுவும் அந்த நோய் விட்டுப்போனதுதான். இளவட்டங்கள் வேண்டுமென்றே சீண்டுவார்கள். "அக்கா, மீன் இல்ல. ரெண்டு தீக்குச்சி நக்கிட்டுப் படுத்துக்கட்டுமா?" அதற்கு அவள் குழறிக் குழறித் திட்டுவதைக் கேட்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். அப்படிக் கேட்டவர்களில் ஒருவனின் தங்கை அடுத்த வருஷமே அதே நோயில் விழுந்தாள். அவன் அதற்குப் பிறகு சோம்போவின் கண்ணில் படுவதில்லை.

வயலுக்குப் போகமுடியாதவளை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது கஷ்டம் என்று கமுவாங்கா லெயோனியைக் கட்டிக்கொண்டு வந்தான். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, மடியில் ஒரு கைக்குழந்தை. சோம்போவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அதை மறைப்பதும் இல்லை. "சின்னவளே, இது களியா, சுவத்துக்குப் பூசற மண்ணா?" என்பாள். "நீங்க கிளறுங்க அக்கா, நான் கத்துக்கறேன்," என்பாள் லெயோனி, நின்று கிளற முடியாதவளைப் பார்த்து. இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்வார்கள். ஆனால் கிழங்கு விஷயத்தில் மட்டும் சின்னவள் பெரியவள் சொல்லைத் தட்டியதில்லை. அந்த வீட்டுக் குழியில் கட்டுகிற நார் பொய் சொன்னதில்லை.

சோம்போவுக்கு ஒரே மகள், ஒதெத், பதின்மூன்று வயது. அம்மாவின் பழைய கால் அவளுக்குத்தான் வந்திருக்கிறது என்று ஊரே சொல்லும். ஊர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் சோம்போ பேச்சை மாற்றிவிடுவாள். மகளுக்காகவே அவள் மீனைத் தேடுவாள். லாரியில் கருவாடு வந்தால், ஒரு கோழியைக் கொடுத்தாவது நான்கைந்து துண்டு வாங்கிவிடுவாள். ஒரு துண்டை ஐந்தாகப் பிய்ப்பாள். நான்கு பங்கு ஒதெத்தின் தட்டுக்குப் போகும். "இது கறி இல்லடி, நரம்புக்கு மருந்து. முள்ளையும் மென்னு முழுங்கு." லெயோனி அதைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் மழை ஓய்ந்த மூன்றாவது மாதம் சோம்போவுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் வழக்கமான மலேரியா என்று இருந்தார்கள். நான்காம் நாள் நினைவு தவறியது. கமுவாங்கா மறுபடியும் சைக்கிளில் வைத்துக் கட்டி மிஷன் ஊருக்குத் தள்ளிக்கொண்டு போனான். ஒன்பது நாள் அங்கே படுத்திருந்தாள். ஊசிக்கும் பாட்டிலுக்கும் வேண்டியிருந்ததால், வீட்டுப் பரணில் இருந்த வற்றல் மூட்டைகள் மூன்றையும் அவன் லாரியில் ஏற்றிவிட்டான். சோம்போவின் கண் முன்னால் மூன்று மூன்று இரவு ஊறி, அவள் கட்டைவிரலை இறக்கிப் பார்த்த கிழங்கு அது. வேறு யாரோ நகரத்தில் அதைத் தின்று நன்றாக இருந்திருப்பார்கள்.

வீட்டில் மாவு இல்லை. லெயோனி வயலுக்குப் போய்க் கிழங்கு பிடுங்கி வந்தாள். குழந்தை அழுதது, கமுவாங்கா பசியோடு வந்தான், ஒதெத் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியிருந்தது. மூன்று இரவு யார் காத்திருப்பது? மறுநாளே எடுத்துக் காயவைத்து இடித்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். ஒதெத் தினமும் தூக்குச் சட்டியோடு இரண்டு மணி நேரம் மணலில் நடந்து போனாள், இரண்டு மணி நேரம் நடந்து வந்தாள். சோம்போ அந்தக் களியைத் தின்றாள். நாக்கு முழுக்கக் கசந்தது. காய்ச்சல்காரியின் வாய்க்குத் தண்ணீரே கசக்கும். அவள் எதையும் சந்தேகப்படவில்லை. ஊரில் அத்தனை பேர் களியையும் தொட்டுப் பார்த்துக் குற்றம் சொன்ன நாக்கு, அந்த ஒன்பது நாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் ஒதெத் வரவில்லை. கமுவாங்கா மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"புள்ள எங்க?"

"வீட்ல இருக்கா. காலு வலிக்குதுங்கறா. தினம் நடந்ததுல அசதியா இருக்கும்."

"வலிக்குதுன்னு சொன்னாளா, நடுங்குதுன்னு சொன்னாளா?"

கமுவாங்கா சைக்கிள் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சோம்போ கோல்களை எடுத்துக்கொண்டு, "ஏத்து, வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

ஒதெத் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சோம்போ கோல்களைக் கீழே போட்டுவிட்டுத் தவழ்ந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, மயோகோ செய்ததுபோலவே முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தால் தட்டினாள். கால் விசுக்கென்று எகிறியது. ஒதெத் சிரித்துவிட்டாள். "நான் உதைக்கலைம்மா, அதுவா உதைக்குது." சோம்போ அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிக்கொண்டு, துடிப்பு அடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். லெயோனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "ஒரு ராத்திரியா?" என்று சோம்போ கேட்டாள். லெயோனி தலையை ஆட்டினாள். ஆட்டின தலை பிறகு நிமிரவில்லை.

மயோகோ வந்து பார்த்தார். வீட்டுக்கு வெளியே சோம்போவை அழைத்துப்போய், இதற்கு மேல் மோசமாகாது என்றார். சரியாகவும் ஆகாது என்று அவர் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஒதெத் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. "அம்மா, அப்பாகிட்ட சொல்லி எனக்கும் கோல் வெட்டச் சொல்லு. ரெண்டு வேணாம், ஒண்ணு போதும்," என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பை எடுத்துப்போக ஒரு கை வேண்டுமே என்று காரணமும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து சகாலா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே குடும்பத்துப் பெரியவர்கள் நான்கைந்து பேர். ஒரே வீட்டில் ஆத்தாளுக்கும் மகளுக்கும் காலைக் கட்டியிருக்கிறது என்றால் விஷயம் சாதாரணமில்லை என்றார். பிறகு ஆறு வருஷத்துக்கு முன்பு கேட்ட அதே குரலில், "பேரைச் சொல்லு," என்றார்.

"பேரு ஒண்ணும் இல்ல மச்சான். கிழங்கு. சரியா ஊறாத கிழங்கு. என் வைத்தியத்துக்காக நல்ல கிழங்கு லாரியில போச்சு. மிச்சது ஒரு ராத்திரிதான் ஊறுச்சு. மீனும் இல்ல, பயறும் இல்ல. புள்ள தினமும் நாலு மணி நேரம் நடந்துச்சு. அவ்வளவுதான்."

சகாலா பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. பெரியவர்களுக்குச் சோம்போவின் கிழங்குப் பேச்சு புதிதுமில்லை.

"சரி. ஊறப் போட்டது யாரு?"

எல்லோருடைய தலையும் அடுப்படிப் பக்கம் திரும்பியது. அங்கே லெயோனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்தக் களியை நானும் ஒரு நாள் தின்னேன்," என்றார் சகாலா. "உன் புருஷன் தின்னான். அவளே தின்னா. நீயும் தின்னே. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். ஒரே சட்டியில கிளறின களி, உன் புள்ள காலை மட்டும் எப்படித் தேடிப்போய்ப் பிடிச்சுது? அதைச் சொல்லு."

அது அவளும் மயோகோவிடம் கேட்ட கேள்விதான். வளர்கிற பிள்ளை, அதிகம் நடந்த பிள்ளை, சத்துக் குறைந்த பிள்ளை என்று அவர் ஏதேதோ சொன்னார். ஏன் ஒருவர் விழுகிறார், ஏன் பக்கத்தில் இருப்பவர் விழவில்லை என்று முழுதாகத் தனக்கும் தெரியாது என்றும் சொன்னார். அந்தத் தெரியாத இடத்தில்தான் சகாலா முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ ஒண்ணும் பண்ணலை மச்சான்," என்றாள் சோம்போ. கோபத்தில் நாக்குக் குழறியது. கடைசி வார்த்தை யாருக்கும் புரியவில்லை.

"உனக்கு அவளைப் பிடிக்காதுன்னு ஊருக்கே தெரியும். அவளுக்கு உன்னைப் பிடிக்குமா? யோசிச்சுப் பாரு. வர்ற வாரம் சேர்ந்து பேசுவோம்." சகாலா எழுந்துகொண்டார்.

அன்றையிலிருந்து லெயோனி கிளறின களியை யாரும் தொடவில்லை. கமுவாங்கா அண்ணன் வீட்டில் சாப்பிட்டான். அவள் ஓடைக்குப் போனால் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இழுத்துக்கொண்டார்கள். அவள் குழந்தையோடு விளையாடவந்த பிள்ளைகளை, "வீட்டுக்கு வா," என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். சோம்போ வீடு வீடாகக் கோலை ஊன்றிப் போய்ச் சொன்னாள், கிழங்குதான், ஊறல்தான், அந்தப் பெண் இல்லை என்று. ஐந்து வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தவள் என்பதால் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் உண்மையைச் சொன்னாள். "அக்கா, முகுங்காவைச் சொன்னப்போ நீங்க இவ்வளவு கஷ்டப்பட வேண்டியிருக்கல. ஒரு தடவைதான் சொன்னீங்க. நாங்க நம்பினோம்."

நான்காம் நாள் பொழுது சாய்வதற்கு முன்பு சகாலாவும் பெரியவர்களும் மறுபடி முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். வாரம் முடியக்கூடக் காத்திருக்கவில்லை. உள்ளே லெயோனி தன் துணிகளை ஒரு விரிப்பில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்தவள், வழக்கப்படி வெளியே வந்து, கிளறி வைத்திருந்த களியைத் தட்டில் கவிழ்த்து, கீரையை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஆண்களுக்கு நடுவில் வைத்துவிட்டு விலகிப் போய் வாசலில் நின்றாள். யாரும் கையை நீட்டவில்லை. ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் நேற்று ஊறப்போட்ட கிழங்கைத் தவிர வேறு கிழங்கு இல்லை என்பது சோம்போவுக்குத் தெரியும். இன்னும் மழை வர இரண்டு மாதம் இருந்தது.

ஒதெத் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சோம்போ அவள் பக்கத்திலிருந்து எழுந்தாள். கோல்கள் இரண்டையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, காலை இழுத்து, ஆண்களின் வட்டத்துக்குள் வந்தாள். பெண்கள் உட்காராத இடம் அது. சகாலா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் கோல்களைக் கிடத்திவிட்டுத் தட்டின் முன்னால் விழுவதுபோல உட்கார்ந்துவிட்டாள்.

களியில் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து உருட்டி, கீரையில் தோய்த்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டாள். நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. ஓர் இரவு, அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட இல்லை. மென்றாள். விழுங்கினாள். சகாலாவின் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டினாள். பிறகு அடுத்த உருண்டை, அதற்கடுத்த உருண்டை. தட்டின் பாதி தீர்ந்தபோது, வாசலில் நின்றவளை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"லெயோனி, இன்னும் கொஞ்சம் போடு," என்று தட்டைத் தூக்கி நீட்டினாள்.